பசை சிந்திய மேசை பாழாகிவிட்டதா?

இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வீட்டில் என்ன இருந்தது, என்ன இருக்கவில்லை என்று எங்கள் பெண்கள் ஒவ்வொருவரும் கணக்குச் சொல்லுவார்கள். வடமராட்சிப் பெண்களிடம் அந்தக் கணக்கு ஒன்றல்ல. 1987 மே மாத இறுதியில் தொடங்கிய ‘ஒப்பரேசன் லிபரேசன்’ நடவடிக்கையோடு ஒரு கணக்கு. 1996 இல் இராணுவம் வடமராட்சிக்குள் வந்தபோது இன்னொரு கணக்கு. இடையில் 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்திலிருந்து புறப்பட்ட மக்களில் பலர் தென்மராட்சியிலும் வடமராட்சியிலும்தான் ஒதுங்கினார்கள். அவர்கள் கையில் வந்தது உடுபுடவையும் அடையாள அட்டையும் பிள்ளைகளும்தான். மேசையையும் அலுமாரியையும் யாரால் தூக்கிக்கொண்டு ஓட முடியும்?

அதனால்தான் உடுப்பிட்டி போன்ற ஊர்களில் இன்றும் ஒரு வீட்டில் பழைய மரத் தளபாடம் ஒன்று தப்பி நின்றால் அது வெறும் மரமாகத் தெரிவதில்லை. அம்மாவின் சீதன அலுமாரி, அப்பா கணக்கெழுதிய மேசை, கலியாணத்துக்கென்று கணவர் செய்வித்த பெட்டகம், தையல் இயந்திரம் பூட்டிய பலகை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளின் முகம் உண்டு. செய்தவரோ பாவித்தவரோ இன்று இல்லாதபோது அந்தப் பொருளில் ஒரு கீறல் விழுந்தாலும் மனம் பொறுப்பதில்லை.

இப்படியான மேசையில்தான் நாங்கள் எல்லா வேலைகளையும் செய்கிறோம். உடைந்த படச்சட்டத்தை ஒட்டுகிறோம். பிள்ளையின் சப்பாத்தை ஒட்டுகிறோம். பாடசாலைக்கு ஒப்படை ஒட்டுகிறோம். ஒருநாள் பசைப் போத்தல் சரிந்துவிடும். பளபளப்பான மேசையில் ஒரு பசைக் கட்டி இறுகிவிடும். உடனே கத்தியை எடுக்கிறோம், மண்ணெண்ணெயைத் தேடுகிறோம், வெந்நீரை ஊற்றுகிறோம். மறுநாள் பார்த்தால் பசை போயிருக்கும். அதோடு மேசையின் மெருகும் போயிருக்கும்.

பசை செய்கிற சேதம் பெரும்பாலும் ஒரு ரூபாய்க் குற்றியின் அளவுதான். அதைப் போக்க நாங்கள் அவசரத்தில் செய்கிற வேலைதான் அதைத் தட்டளவுக்குப் பெருப்பிக்கிறது. பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழி இந்த வேலைக்கென்றே சொன்னது போல இருக்கிறது. கத்தியை எடுக்க முன்னர் இரண்டு கேள்விகளுக்கு விடை காணுங்கள். மேசையில் பூசியிருக்கும் மெருகு எது? அதில் விழுந்த பசை எது? இந்த இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மெருகு எங்கிருந்து வருகிறது?

அரக்கு எங்களுக்குப் புதிய பொருள் அல்ல. பதிவுத் தபால் பொதிகளில் சிவப்பாக உருக்கி வைத்து முத்திரை குத்துவது அரக்கு. பொற்கொல்லர் நகையின் உள்ளே நிரப்புவதும் அரக்கு. பாரதக் கதையில் பாண்டவர்களை எரித்துவிட எண்ணிக் கட்டிய மாளிகையும் அரக்கு மாளிகைதான். சூட்டில் இளகும், நெருப்பில் பற்றும் என்ற அதன் இரண்டு குணங்களும் இந்த உதாரணங்களிலேயே அடங்கிவிடுகின்றன.

அரக்கு மரத்தின் பால் அல்ல. அரக்குப் பூச்சி என்ற மிகச் சிறிய பூச்சி புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளையில் கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சி, தன்னைச் சுற்றிச் சுரந்து வைக்கும் பிசின் அது. இந்தியாவில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் இது பெருமளவில் கிடைக்கிறது. கிளையிலிருந்து சுரண்டி, கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து நொருக்கினால் அவல் போன்ற துண்டுகளாக வரும். அதுதான் அவலரக்கு. அதை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொதியால் மரத்தில் திரும்பத் திரும்பத் தேய்ப்பதைத்தான் எங்கள் தச்சர்கள் ‘பொலிஷ்’ போடுதல் என்று சொல்வார்கள். பழைய தேக்கு, முதிரை, பலாத் தளபாடங்களில் காணப்படும் ஆழமான, மென்மையான பளபளப்பு பெரும்பாலும் இதனால் வந்தது.

எங்கள் நாட்டிலேயே அரக்கு வேலைக்குப் பெயர்போன கிராமங்கள் உண்டு. மாத்தளை மாவட்டத்து ஹபுவிட கிராமத்தில் நிற அரக்கைச் சூட்டில் இளக்கி, நூல் போல் இழுத்து, பெருவிரல் நகத்தால் மரத்தில் பதித்துக் கோலம் செய்கிறார்கள். கடைசல் பொறியில் மரம் சுழலும்போது அரக்குக் கட்டியை அழுத்திப் பிடித்து, உராய்வுச் சூட்டிலேயே உருகிப் படிய வைப்பது இன்னொரு முறை. யாழ்ப்பாணத் தமிழரான சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இந்த அரக்கு வேலையை விரிவாக எழுதி வைத்திருக்கிறார்.

பிறகு வந்தது ‘லக்கர்’. பஞ்சை அமிலங்களில் ஊற வைத்துச் செய்யும் நைட்ரோசெலுலோசு இதன் மூலப்பொருள். வெடிமருந்துக்கும் அதே இனப் பொருள்தான் பயன்பட்டது. முதலாம் உலகப் போர் முடிந்தபின் தேங்கிப்போன அந்தப் பொருளுக்கு வேறு வேலை தேடினார்கள். 1920களில் மோட்டார் வாகனங்களுக்கும் தளபாடங்களுக்கும் விரைவில் காயும் லக்கர் பூச்சு பரவலானது அப்படித்தான். இன்று கடைகளில் வாங்கும் தளபாடங்கள் பலவற்றில் சீலரும் லக்கருமே விசிறிப் பூசப்பட்டிருக்கும். இவை தவிர எண்ணெய் வார்னிஷ், பொலியூரித்தேன் என்பனவும் உண்டு. நான்கும் பார்வைக்கு ஒன்றுபோலப் பளபளக்கும். ஆனால் ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சு.

எந்த மெருகு என்று அறிவது எப்படி?

பசை விழுந்த இடத்தில் பரீட்சை செய்ய வேண்டாம். மேசைக் காலின் உட்புறம், அலுமாரியின் பின்புறம், லாச்சியின் கீழ்விளிம்பு போன்ற கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த இடத்தைத் துடைத்து அழுக்கையும் மெழுகையும் நீக்குங்கள்.

முதலில், மெதிலேட்டட் ஸ்பிரிட்டில் நனைத்த சிறு பஞ்சை அங்கே அரை நிமிடம் வைத்து எடுங்கள். அந்த இடம் இளகி விரலில் ஒட்டினால் அது அரக்குப் பொலிஷ்.

ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை என்றால், பக்கத்தில் வேறோர் இடத்தில் தின்னரில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். இளகி ஒட்டினால் அது லக்கர். இளகாமல் சிறிது நேரத்தில் தோல் போலச் சுருங்கினால் எண்ணெய் வார்னிஷ். எதுவுமே நடக்கவில்லை என்றால் பெரும்பாலும் பொலியூரித்தேன்.

இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். தின்னர் அரக்கையும் லக்கரையும் இரண்டையுமே தாக்கும். அதை முதலில் வைத்தால் எது எதுவென்று பிரித்தறிய முடியாது.

விழுந்த பசை எது?

மாப்பசையும் தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசையும் தண்ணீரோடு உறவுள்ளவை. காய்ந்த பின்னரும் ஈரத்தில் இளகும். சப்பாத்து ஒட்டும் றப்பர் பசை காய்ந்தாலும் றப்பராகவே இருக்கும். இரண்டு குழாயைக் கலந்து செய்யும் அரல்டைட் போன்ற பசைகள் ஒருமுறை இறுகினால் எதிலும் இலகுவில் கரையாது.

எல்லாரையும் பயப்படுத்துவது சுப்பர் குளூதான். இதுவும் போரோடு தொடர்புள்ள கதை. இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1942 இல், அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கொடாக் நிறுவனத்தில் ஹரி கூவர் என்ற இரசாயன ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் துப்பாக்கியில் குறிபார்க்கும் பகுதிக்குத் தெளிவான பிளாஸ்ரிக் தேடினார்கள். அப்போது கிடைத்த ஒரு பொருள் தொட்டதையெல்லாம் பிடித்துக்கொண்டது. உதவாது என்று ஒதுக்கிவிட்டார்கள். 1951 இல் அதே பொருள் மறுபடி கண்ணில் பட்டபோதுதான் அதன் பெறுமதி விளங்கியது. 1958 இல் அது பசையாக விற்பனைக்கு வந்தது. வியட்நாம் போரில் காயப்பட்டவர்களின் இரத்தப் பெருக்கை நிறுத்த இதே இனப் பொருளை விசிறினார்கள். அதற்காக வீட்டில் இருக்கும் சுப்பர் குளூவைக் காயத்தில் பூச வேண்டாம். வைத்தியசாலையில் பாவிப்பது வேறு தயாரிப்பு.

சுப்பர் குளூ காற்றில் உலர்ந்து இறுகுவதில்லை. பொருளின் மேற்பரப்பிலும் காற்றிலும் உள்ள நுண்ணிய ஈரம் பட்டதும் இறுகுகிறது. கடற்காற்று வீசும் எங்கள் ஊர்களில் அது கண்மூடித் திறக்க முன்னர் பிடித்துக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. இறுகியபின் அது கண்ணாடி போல நொருங்கும் தன்மையுடையது. எங்கள் வைத்தியம் அந்தப் பலவீனத்தில்தான் தங்கியிருக்கிறது.

பசைக்கேற்ற வைத்தியம்

மாப்பசை, வெள்ளைப் பசை: ஈரமாக இருக்கும்போதே கண்டுவிட்டால் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். வேலை அவ்வளவுதான். காய்ந்துவிட்டால், இளஞ்சூட்டு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த சிறு துணியைப் பசையின் மேல் மட்டும் ஓரிரு நிமிடம் வையுங்கள். பசை வெளுத்து இளகும். பழைய பிளாஸ்ரிக் அட்டையின் விளிம்பால் மெதுவாகத் தள்ளுங்கள். முழுவதும் வராவிட்டால் திரும்பவும் செய்யுங்கள். தண்ணீருக்கு மசியாத வெள்ளைப் பசைக்கு நீரில் சிறிது வினாகிரி சேர்க்கலாம். ஒரேயடியாக நீண்ட நேரம் ஈரத் துணியை விட்டுவிட வேண்டாம். அரக்குப் பொலிஷ் ஈரம் குடித்தால் வெள்ளைத் தழும்பாகும்.

சுப்பர் குளூ: சிந்தியவுடன் துடைக்க ஓடாதீர்கள். துடைத்தால் ஒரு துளி ஒரு கையகலமாகப் பரவும். துணியும் சேர்ந்து ஒட்டும். பருத்தித் துணியிலும் பஞ்சிலும் இந்தப் பசை ஊறினால் கையைச் சுடும் அளவுக்குச் சூடாகும். ஆகவே விட்டுவிடுங்கள். ஓர் இரவு நன்றாக இறுகட்டும்.

மறுநாள் நகத்தால் அல்லது பிளாஸ்ரிக் அட்டையால் கட்டியின் ஓரத்தைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். மெழுகு பூசித் துடைத்து வந்த மேசையானால் கட்டி முழுதாகவே கழன்று வருவதுண்டு. வராவிட்டால் பலவந்தம் செய்யாதீர்கள். பசையோடு மெருகும் உரிந்து வரும்.

அப்போது உதவுவது ஒரு சவர அலகும் சிறிது செலோரேப்பும். அலகின் இரண்டு முனைகளிலும் செலோரேப்பை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நடுவில் ஒரு விரலகலம் மட்டும் வெறுமையாக இருக்கட்டும். இந்த அலகை நிமிர்த்திப் பிடித்து, வெறும் பகுதி கட்டியின் மேல் வருமாறு, உங்கள் பக்கமாக மெதுவாக இழுத்துச் சுரண்டுங்கள். இரண்டு பக்கத்து ரேப்பும் மெருகின் மேல் வழுக்கிச் செல்லும். ரேப்பின் தடிப்பு அலகை மெருகிலிருந்து மயிரிழை உயர்த்தி வைத்திருக்கும். ஆகவே அலகு கட்டியை மட்டும் சீவும், சுற்றியுள்ள மெருகைத் தொடாது. இசைக்கருவிகளைத் திருத்துவோர் கைக்கொள்ளும் முறை இது.

கட்டி கிட்டத்தட்ட மட்டமானதும் அலகை வைத்துவிடுங்கள். பிள்ளைகளின் அழிறப்பர் ஒன்றில் 600 இலக்க மணற்கடதாசியைச் சுற்றி, ஓரிரு துளி மண்ணெண்ணெய் விட்டு, எஞ்சிய பசையை மட்டும் தேயுங்கள். அதன்பின் 1000 இலக்கம், கிடைத்தால் 2000 இலக்கம். மண்ணெண்ணெய் அரக்கையும் காய்ந்த லக்கரையும் கரைக்காது. கடதாசி கீறாமல் வழுக்கிச் செல்ல உதவும். நாலு தரம் தேய்த்ததும் துடைத்துப் பாருங்கள். பசையின் பளபளப்புப் போய் மட்டமானதும் நிறுத்துங்கள். தெளிவான சுப்பர் குளூ மெல்லிய படலமாக மெருகோடு இருந்துவிட்டாலும் குற்றமில்லை. மேலே மெருகு ஏறியதும் கண்ணுக்குத் தெரியாது.

அசிற்றோன் சுப்பர் குளூவைக் கரைக்கும் என்று பலருக்கும் தெரியும். நகப்பூச்சு அழிக்கும் திரவங்கள் பலவற்றில் இருப்பதும் அதுதான். ஆனால் அது பசையை இளக்க முன்னர் லக்கரை உருக்கிவிடும். அரக்கையும் கெடுக்கும். லக்கர் மேசையிலோ அரக்குப் பொலிஷ் போட்ட அலுமாரியிலோ அதை வைக்கவே வேண்டாம். பெரும்பாலான பாழ்கள் இந்தப் போத்தலில் இருந்துதான் தொடங்குகின்றன.

அரல்டைட் போன்ற இரட்டைப் பசை: இறுக முன்னர் கண்டால் அட்டையால் வழித்து எடுத்து, வினாகிரி தொட்ட துணியால் துடையுங்கள். இறுகிவிட்டால் மேலே சொன்னபடி அலகாலும் மணற்கடதாசியாலும் மட்டமாக்குவதே வழி. சூடு காட்டினால் இந்தப் பசை இளகும் என்பது உண்மை. அதற்கு முன்னரே அரக்கு இளகிவிடும் என்பதும் உண்மை. ஸ்திரிக்கைப் பெட்டியைக் கிட்டக் கொண்டு போகாதீர்கள்.

றப்பர் பசை: இதைக் காயவிட்டு விரலால் உருட்டுங்கள். உருண்டு உருண்டு வந்துவிடும். எஞ்சியதை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைக்கலாம்.

ஸ்ரிக்கர், செலோரேப், ஒட்டிய பத்திரிகை: உதவித் திட்டங்களில் கிடைத்த தையல் இயந்திரத்திலும் அலுமாரியிலும் நிறுவனங்களின் ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும். காலம் போனதும் கடதாசி கிழிந்து பிசுக்கு மட்டும் எஞ்சும். அதன் மேல் தேங்காய் எண்ணெய் தடவிக் கால் மணித்தியாலம் விடுங்கள். விரலால் உருட்டித் துடையுங்கள். மேசையில் பத்திரிகைத் தாள் ஒட்டிக்கொண்டாலும் இதே வைத்தியம்தான். கடைசியில் எண்ணெய்ப் பசை போக மண்ணெண்ணெய் தொட்ட துணியாலும், பிறகு உலர்ந்த துணியாலும் துடைத்துவிடுங்கள்.

மெருகு போன இடத்தை மூடுதல்

பசை போன இடம் மங்கலாக மட்டும் இருந்தால் புதிய மெருகு தேவையில்லை. வெள்ளை நிறப் பற்பசையில் சிறிது எடுத்து, சற்றே ஈரமான துணியால் தேய்த்துத் துடைத்தால் பளபளப்பு ஓரளவு திரும்பும். அதன் மேல் தளபாட மெழுகு பூசித் தேயுங்கள்.

மெருகு உரிந்து மரம் தெரிந்தால், அது அரக்குப் பொலிஷாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். திருத்துவதற்கு இலகுவான மெருகு அதுதான். புதிதாகப் பூசும் அரக்கில் உள்ள ஸ்பிரிட் பழைய அரக்கின் ஓரத்தையும் சற்றே கரைத்து, இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஒட்டுப் போட்ட அடையாளம் தெரியாது.

50 கிராம் அவலரக்கை 250 மில்லிலீற்றர் ஸ்பிரிட்டில் இட்டு மூடி ஓர் இரவு விடுங்கள். இடையிடையே குலுக்குங்கள். கரைந்ததும் மெல்லிய துணியில் வடியுங்கள். கண்ணாடிப் போத்தலில் வையுங்கள். இரும்புத் தகரத்தில் வைத்தால் கறுக்கும். கரைத்த அரக்கு நெடுநாள் இருக்காது. மாதங்கள் சென்றதானால் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் விட்டுப் பாருங்கள். இறுகாமல் பிசுபிசுத்தால் மேசையிலும் இறுகாது. கொட்டிவிடுங்கள்.

பஞ்சுருண்டை ஒன்றைக் கழுவிப் பழகிய பருத்திச் சேலைத் துண்டில் பொதியுங்கள். பொதியில் அரக்குக் கரைசலைச் சிறிது ஊற்றிப் பிழிந்து, வெறுமையான இடத்தில் மெல்லியதாக ஒரு தரம் தடவுங்கள். காய விடுங்கள். திரும்பவும் ஒரு தரம். தடிப்பாக ஒரே பூச்சில் முடிக்க எண்ணினால் திரண்டு நிற்கும். மெல்லிய எட்டுப் பூச்சு தடித்த இரண்டு பூச்சிலும் மேல். பள்ளம் சுற்றுப்புறத்தோடு மட்டமானதும் ஒருநாள் விட்டு, 1000 இலக்கக் கடதாசியால் இலேசாகத் தேய்த்து, மெழுகு பூசுங்கள்.

மழை நாளில் இந்த வேலை வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மாரியில் காற்றின் ஈரம் காயும் அரக்கில் அடைபட்டு வெண்புகை போலத் தங்கும். மழை ஓய்ந்த நாட்களில் வெயில் ஏறியபின், ஆனால் நேர் வெயில் படாத விறாந்தையில் செய்யுங்கள். ஏற்கெனவே வெண்மை தட்டியிருந்தால், ஸ்பிரிட்டில் நனைத்து நன்றாகப் பிழிந்த பொதியால் அந்த இடத்தை மேலாக, நிறுத்தாமல் ஒரே வீச்சில் தடவிச் செல்லுங்கள். நிறுத்தினால் பொதி ஒட்டிக்கொள்ளும்.

லக்கராக இருந்தால் லக்கரால்தான் மூட வேண்டும். சிறிய இடமென்றால் மெல்லிய தூரிகையால் பள்ளத்தில் துளி துளியாக விட்டு, காய்ந்தபின் மட்டமாக்கலாம். பெரிய இடமென்றால் விசிறிப் பூசுகிற தச்சுப் பட்டறையில் கொடுப்பதே நல்லது. பொலியூரித்தேன் பழையதோடு கரைந்து சேராது. இலேசாகத் தேய்த்துவிட்டு மேலே பூச வேண்டும்.

உயிர் பொருளிலும் பெரிது

பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் துளித் துளியாக மண்ணெண்ணெய் எரித்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் நாங்கள். நெருப்பைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் ஸ்பிரிட்டும் தின்னரும் அசிற்றோனும் மண்ணெண்ணெய் போன்றவை அல்ல. அவற்றின் ஆவியே தீப்பற்றும். அடுப்பு, சாமி விளக்கு, நுளம்புத்திரி எதுவும் எரியும் அறையில் மூடியைத் திறக்காதீர்கள். கதவு, யன்னல்களைத் திறந்து வையுங்கள். கர்ப்பிணிகளும் இழுப்பு நோய் உள்ளவர்களும் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

மெதிலேட்டட் ஸ்பிரிட் நஞ்சு. தண்ணீர் போல இருக்கும். குடித்தால் கண்பார்வை போகும், உயிரும் போகும். சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ ஊற்றி வைக்காதீர்கள். போத்தலில் ‘நஞ்சு’ என்று பெரிதாக எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் வெறியில் இருப்பவருக்கும் எழுத்து உதவாது. ஆகவே பூட்டி வைப்பது அதிலும் நல்லது.

சுப்பர் குளூவில் விரல்கள் ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்காதீர்கள். சவர்க்காரம் கரைத்த இளஞ்சூட்டு நீரில் ஊற வைத்து, மெதுவாக உருட்டிப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் இமையைப் பலவந்தமாகத் திறக்காமல் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். உடுப்பிட்டிப் பக்கத்தவர்களுக்கு மந்திகையில் உள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை இருக்கிறது.

ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப் போட்டபின் எறியுங்கள்.

கைக்குள் ஒரு தொழில்

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மரத்தின் விலையும் கூலியும் ஏறின. புதிதாக வாங்குவதிலும் பழையதைத் திருத்துவது பலருக்கும் கட்டுப்படியாகும். தச்சு வேலை ஆண்களின் வேலை என்று எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. ஆனால் மெருகு வேலைக்குத் தேவை தோள்வலிமை அல்ல. பொறுமையும் இலேசான கையும் கூர்ந்த கண்ணும்தான். சேலையில் நுணுக்கமாகப் பூ வேலை செய்யும் பெண்ணுக்கு இவை ஏற்கெனவே கைவந்தவை. அவலரக்கு, ஸ்பிரிட், மூன்று நான்கு இலக்க மணற்கடதாசி, பஞ்சு, பழைய சேலை, ஒரு சவர அலகு ஆகியவற்றோடு தொடங்கலாம்.

பிறர் பொருளில் கை வைப்பவர்கள் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ள வேண்டும். முதலில் உங்கள் வீட்டுப் பழைய பலகைத் துண்டில் மெருகு போட்டு, அதில் நீங்களே பசையைச் சிந்தி, எடுத்துப் பழகுங்கள். வேலை ஏற்கும்போது இருக்கிற சேதத்தைத் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். மறைவிடப் பரீட்சையை உரிமையாளரின் முன்னால் செய்யுங்கள். கூலியை முன்கூட்டியே பேசுங்கள். முடியாது என்று தோன்றும் பொருளை ஏற்காதீர்கள். நிறந்தீட்டிய பழைய அரக்கு வேலையும் கோயில் வாகனங்களும் அவற்றைச் செய்யும் கலைஞர்களிடமே போகட்டும்.

வயதான ஒரு தாயின் அலுமாரியில் மகனின் சேட்டுகள் மடித்தபடி இருக்கும். அந்தக் கதவில் விழுந்த பசையை எடுத்துத் தரும்படி அவர் கேட்டால், மேல்மெருகு முழுவதையும் தேய்த்து எடுத்துப் புதிதாக்கித் தருகிறேன் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். பிள்ளையின் கைபட்ட பிடியடியில் மெருகு தேய்ந்திருக்கும். அந்தத் தேய்வு அவருக்கு வேண்டும். பசையை மட்டும் எடுத்துக் கொடுங்கள். எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று கேட்டுச் செய்கிறவருக்கு அடுத்த வேலை தானாகவே வந்து சேரும்.